127

மகள் தன் ஃபோனுக்கு 1234567 என்று பாஸ்வேர்டு வைத்தாள். உடனே மாற்றச் சொல்லிக் கத்தினேன்.

அக்கா பத்தாவது பாஸான வருடம், தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் வேண்டும் என்றாள். அப்பாவுக்கோ அவளை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பும் எண்ணம். சாக்பீஸால் சிமென்ட் தரையில் 1234567 என்று எழுதினார்.

"இது பகா எண். எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. முடிஞ்சா வகுத்துக் காட்டு, சேத்துவிடறேன்."

அக்கா இரண்டு நாள் சோறு மறந்து தரை முழுக்க வகுத்தாள். மூன்றாம் நாள், "127-ஆல போகுதுப்பா!" என்று கத்தினாள்.

அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சின்னவளே, நீ போட்டுப் பாருடி."

தாளில் போட்டேன். மீதி பூஜ்யம். எல்லோரும் அக்காவையே புத்திசாலி என்பார்கள். அந்தக் கடுப்பு எனக்கு.

"மீதி மூணு வருதுப்பா" என்று தாளைக் கசக்கினேன்.

"இல்லப்பா, நீங்களே போட்டுப் பாருங்க!" என்றாள் அக்கா.

"எனக்கு வேற வேலையில்ல? இன்னாமா மேதை, டைப் அடிக்கப் போறியா?" அப்பா சிரித்தார். தரையை அவளையே துடைக்கச் சொன்னார்.

துடைத்துக்கொண்டே அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "பூஜ்யம்தான வந்துச்சு? அப்பாகிட்ட சொல்லிடுடி, ப்ளீஸ்."

நான் பக்கெட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு விளையாடப் போனேன்.