சொல்லாத பெயருக்குச் சிவப்புக் குறி

ரத்னம்மாவுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. கணவர் கங்கையாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியதிலிருந்து கேட்கவே வேண்டாம். நடவே செய்யாத தக்காளியை விற்கப் பலமனேர் பஸ் ஏறிவிட்ட மனுஷனை எந்நேரமும் காவல் காக்க வேண்டியிருந்தது.

திருப்பதி டாக்டர் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார். தினமும் காலையில் கங்கையா அதில் ஞாபக விளையாட்டு ஆட வேண்டும். மார்க்கும் எந்தக் கேள்வி தப்பு என்பதும், பெங்களூரில் கம்பெனி வேலையிலிருக்கும் மகன் முரளியின் போனுக்குப் போய்விடும். "மார்க்கு கொறஞ்சா நைனாவ இங்க முதியோர் ஹோம்ல சேத்துடுவேன்" என்று அவன் சொல்லிவைத்திருந்தான். கூலி வேலை செய்தே புத்தலப்பட்டில் ஒன்றரை ஏக்கர் வாங்கிய மனுஷன் ஹோமிலா கிடப்பார்?

அவரோ டேப்லெட்டைக் கண்டால் கழனிக்கு நழுவிவிடுவார். ஆகவே ரத்னம்மாவே ஆடினாள். ஜோடி சேர்ப்பது, விட்டுப்போன காயைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கினாள்.

படத்தைக் காட்டி "இவர் யார்?" என்று கேட்கும், வாயால் பெயர் சொல்ல வேண்டும். மகன், மருமகள் பிரியங்கா, ஏன், தன் பெயரைக்கூடச் சொல்லிவிட்டாள். கங்கையாவின் படம் வந்தால் வாய் அடைத்துக்கொண்டது. கட்டிக்கொண்ட நாற்பத்திரண்டு வருஷத்தில் புருஷன் பெயரை அவள் உச்சரித்ததில்லை. ரேஷன் கடையிலேயே பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள். "முரளி நைனா" என்றாள். தப்பு. "எங்க ஊட்டுக்காரரு" என்றாள். அதுவும் தப்பு. மூன்று மாதம் தினமும் சிவப்புக் குறி விழுந்தது.

முரளி பதறிக்கொண்டு ஓடிவந்தான். "நைனாவுக்குத் தன் பேரே மறந்துபோச்சாம்மா! டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்டியே இட்டுக்கினு போறேன்."

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஞாபகப் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீவல்லி, கங்கையாவின் முன்னால் அவர் படத்தையே வைத்து "இவர் யாரு?" என்றாள். அவர் படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழப் பார்த்தார். ரத்னம்மா நாற்காலியில் நெளிந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். முரளி பையை எடுத்துத் தோளில் மாட்டினான். அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை.

"கங்கையா!" என்று கத்தியேவிட்டாள்.

கங்கையா விருட்டென்று திரும்பினார். "இன்னாமே, நாலு பேரு முன்னால என் பேர சொல்லிக் கூப்புடற? கொழுப்பா?"

"பேர் தெரியுதே!" என்று ஸ்ரீவல்லி சிரித்துவிட்டாள். முரளி சிரிக்கவில்லை. "அப்ப இத்தினி நாளா வீட்ல ஆடுனது யாரு?"

"நாந்தான்டா. அவர இட்டுக்கினு போய்டுவியேன்னு பயம்."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. அந்த விளையாட்டுதான் அவருக்கு மருந்து; அதை மூன்று மாதமாகத் தானே விழுங்கியிருக்கிறாள். வெட்கமும் துக்கமும் பொங்கி அழுதாள்.

முரளி பையை இறக்கினான். "ஒரு மாசம் பாக்கலாம். நைனாதான் ஆடணும். நீ தொடக்கூடாது."

கங்கையா முறைத்துக்கொண்டே டேப்லெட்டை மடியில் வைத்து, கத்தரிக்காய்க்கு ஜோடி தேடினார். மூன்றாம் தடவையும் தவறான கட்டத்தையே தொட்டார். சரியான கட்டம் ரத்னம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.