மகள் காலில் கட்டிய பட்டு நூல்

முதலாளியின் தறிக்கூடத்தை விட்டு, தாயில்லாத என் நான்கு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரணி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு அப்போதுதான் நெசவு வேலை கிடைத்திருந்தது. பால்வாடியில் சேர்க்குமுன் ஓரிடத்தில் உட்காரப் பழகட்டும் என்று, அவள் காலைப் பட்டு நூலால் தறிக்காலில் கட்டியிருந்தேன். அவள் இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, நூல் சதையில் புதைந்து, பாதம் நீலமாகிவிட்டது.

நூலை வெட்டியெடுத்த நர்சம்மா திட்டினார்: "இன்னாய்யா, பட்டு அறுவாதுன்னு நெய்யற உனக்கே தெரியாதா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாதமே போயிருக்கும்."

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "பால்வாடி டீச்சரும் கட்டிப்போடுவாங்களாப்பா?"

"மாட்டாங்கம்மா."

அவள் நம்பவில்லை. "அப்போ நீயும் வா."

இப்போதெல்லாம் எங்கே வேலை கேட்டாலும், பிள்ளை ஓட இடமிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்றே அந்தத் தறி வேலையை விட்டேன். மறுநாள் காலை அவளைச் சேர்த்த பால்வாடிக்கே தண்ணீர் சுமக்கும் வேலையில் சேர்ந்தேன்.