வயல் தின்ற பனியன்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளை ஊரே ‘மண்ணக்கா’ என்றுதான் கூப்பிட்டது. வருகிற மண்ணைக் காயவைத்துச் சலித்து, அதில் சத்து எவ்வளவு, இலைதழை மக்கிச் சேர்ந்த மட்கு எவ்வளவு என்று சொல்வது அவள் வேலை.

ஒருநாள், ஊரில் மீசைக்காரர் என்று பெயரெடுத்த விவசாயி தன் வயல் மண்ணோடு வந்தார்.

“மட்கு ரொம்பக் கம்மிண்ணே. மண்ணுல உயிரே இல்ல.”

“மண்ணுக்கு ஏதும்மா உயிரு? இன்னும் ரெண்டு மூட்டை உரம் போட்டா விளைஞ்சிட்டுப் போகுது!”

வாயால் சொன்னால் மனுஷன் மசியமாட்டார் என்று மண்ணக்காவுக்குப் புரிந்துவிட்டது. புருஷனின் பருத்திப் பனியன் இரண்டை எடுத்துப்போய், ஒன்றை மீசைக்காரர் வயலிலும் இன்னொன்றைப் பக்கத்திலிருந்த அவர் மச்சான் வயலிலும் புதைத்தாள். மச்சான், அறுவடை முடிந்து வயலில் நிற்கும் அடித்தாளை மீசைக்காரரைப் போல எரிக்காமல் மண்ணிலேயே மட்கவிடுகிறவர்.

பஸ் ஓட்டப் புறப்பட்ட புருஷன் வீட்டையே புரட்டிப்போட்டார். “என் புதுப் பனியன் எங்கடி?”

“வேலைக்குப் போயிருக்கு. வந்துடும்.”

இரண்டு மாதம் கழித்து எல்லோருமாகப் போய்த் தோண்டினார்கள். மீசைக்காரர் வயலில் பனியன் முழுசாக வந்தது. புருஷன் உதறிப் பார்த்துவிட்டு, “துவைச்சா நாளைக்கே போட்டுக்கலாம்!” என்றார். மீசைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

மச்சான் வயலில் கிடைத்தது நைலான் தையல் நூலும் கழுத்தில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டும்தான்.

“மீதி எங்கம்மா?” என்றார் மீசைக்காரர்.

“மண்ணுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, புழு பூச்சியெல்லாம் தின்னுடுச்சு. அதுங்கதான் மண்ணைப் பொலபொலன்னு ஆக்கி மழைத்தண்ணியைப் பிடிச்சு வைக்குது. உங்க வயல்ல எல்லாத்தையும் எரிச்சுட்டீங்க. தின்ன ஆளே இல்ல.”

மீசைக்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது. மழை பெய்தால் அவர் வயல் மண் கரைந்து பழுப்பாக ஏரிக்குப் போவதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

அடுத்த அறுவடைக்குப் பிறகு அவர் தாளுக்குத் தீ வைக்கவில்லை. இடையில் பயறு விதைத்து, வளர்ந்த செடியை அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழுதார். முதல் போகம் சுமார்தான், பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த பெருமழையில் வரப்போரம் குடையோடு நின்றவர், வாய்க்காலில் தண்ணீர் தெளிவாக ஓடுவதைக் கண்டதும் மண்ணக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினார்: “குடிக்குதும்மா! என் நிலம் தண்ணி குடிக்குது!”

இப்போது டீக்கடையில் அவருக்கும் மச்சானுக்கும் ஓயாத சண்டை, யார் வயலில் மண்புழு அதிகம் என்று. தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டால் மண்ணக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு நழுவிவிடுவாள்.