தமிழில் கேட்ட தீர்மானம்

எங்கள் வார்டு சபைக் கூட்டத்தில், முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிய அந்தப் பால்காரர் எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவார். அன்று எங்கள் தெருவுக்குச் சாக்கடை கட்டும் தீர்மானம் வழக்கம்போல மலையாளத்தில் எழுதி வந்தது.

“இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க,” என்றார்.

“உங்களுக்குத்தான் மலையாளம் தெரியுமேங்க,” என்றேன் எரிச்சலோடு.

“எனக்குத் தெரியுமுங்க. பின்னால உக்காந்திருக்கற பொம்பளைகளுக்குத் தெரியாதுங்களே. படிக்க முடியாத காயிதத்துல எப்படிங்க கையெழுத்துப் போடுவாங்க?”

அந்தப் பெண்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். கவுன்சிலர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். சாக்கடை வேலையும் தள்ளிப்போனது.

அடுத்த மழையில் என் சமையலறைக்குள் கழிவுநீர் புகுந்தது. கூப்பிடாமலேயே வாளியோடு வந்த பால்காரர், மதியம்வரை என்னோடு நின்று இறைத்தார். எல்லாம் உங்களால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்; டீ வேணுமா என்றுதான் கேட்க முடிந்தது. கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.