குழியர் கண்ணுக்கு நிறம் கிடையாது

எழுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தேன். அதற்கும் முன்னால் ஆற்காட்டில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பட்டறையில் கொதிக்கிற அண்டாவுக்குள் பட்டு நூலைக் கழியில் தொங்கவிட்டுத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் கை வெந்தது, பிறகு பழகிவிட்டது. தூங்குவதற்குக் கோயில் வாசல் மண்டபங்கள் இருந்தன.

ஐப்பசி மழை பிடித்தால் சாயமேற்றிய நூல் காயாது. தறிக்கு ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெருவில் நீட்டவும் முடியாது. வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அடுப்பை அவித்த பிறகும் அதன் சுவர் வெகுநேரம் சூடாக இருக்கும். அதை ஒட்டி நாங்கள் உட்காருவோம். சாயம் கலக்குகிற அண்ணன் மழை விட்டால் முசரவாக்கத்துக்கு சைக்கிள் மிதிக்கவேண்டும். நூல் அலசுகிற அக்கா கூரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். எனக்குப் போக இடம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் ஆட்டத்தை ஆரம்பித்தார். டீக்கடையில் ஒரு காலேஜ் பையன் அவரிடம் சொன்னானாம். அமெரிக்காவில் பெரிய ஆட்களே கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை வாயாலேயே போட்டுக்கொண்டு விளையாடுகிறார்களாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். சந்தேகமானதைக் காய் உருட்டி முடிவு செய்வார்கள். அதில் இருட்டில் வெப்பத்தைப் பார்க்கிற குள்ளர்கள் உண்டாம். பையன் சொன்னது அவ்வளவுதான். மீதி முழுவதையும் அண்ணன் தானே கட்டினார். காய்க்குத் தாயக்கட்டை. குள்ளர்களுக்குப் பதிலாக மண்ணுக்கடியில் வாழும் குழியர்.

அக்கா குழியர் இனத்துப் பெண்ணாக விளையாடினார். நான் மனிதன். மேலே எனக்குக் கண், கீழே அவருக்குக் கண். இரண்டு பேரும் சேர்ந்து குழியரின் சுரங்கத்திலிருந்து வெளியே வரவேண்டும், அதுதான் கதை.

ஒரே ஒரு கடுமையான சட்டம் உண்டு. ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான், அந்த மழைக்காலம் முடிகிறவரை மறுபடி சேர முடியாது. முதல் வாரம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரும் எங்களோடு ஆடினார். இரண்டாம் நாளே கிணற்றில் விழுந்து செத்தார். அதன் பிறகு வாசலில் நின்று, "இன்னாப்பா, எது வரிக்கும் போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் முகத்தைப் பார்த்தபின் நான் மிகவும் ஜாக்கிரதையாக ஆடினேன். அதுவரை வாழ்க்கையில் எல்லோரும் என்னிடம் இதைச் செய், அதைச் செய் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நீ என்ன செய்வாய் என்று கேட்ட முதல் ஆள் இந்த அண்ணன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

குழியர் கண்ணைப் பற்றி அவர் எவ்வளவு யோசித்திருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. மனிதன் உட்கார்ந்து எழுந்த கல் கொஞ்ச நேரம் அவர்களுக்குத் தெரியும். குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்தால் அடிச்சுவடு மின்னி மெல்ல அவியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாது, சுவர்தான் தெரியும். செத்தவன் தணல் ஆறுவதுபோல மங்கிக்கொண்டே போவான்.

முதல் நாளே அக்கா கேட்டது, அந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

"சூடு இன்னா கலர்ல தெரியும்ணா? அரக்கா, மாம்பழ மஞ்சளா?"

"கலரே கெடையாது. அண்டா பளிச்சுனு தெரியும், ஆறுன அண்டா மங்கலா தெரியும். அவ்ளோதான்."

"அரக்கு நூலும் பச்ச நூலும் பக்கத்துல பக்கத்துல தொங்குதுன்னு வையி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அட பாவமே! அப்ப அவங்க ஊர்ல பொடவைக்கு பார்டரே தெரியாது. சாயப்பட்டறையும் இருக்காது. நான் அங்க போயி பொழப்புக்கு இன்னாத்த பண்ணுவேன்?"

"நீ அங்கியே பொறந்தவமா!"

"பொறந்தா மட்டும்? கலரு இல்லாம எப்பிடிணா இருக்கிறது?"

அன்று மாலை முழுவதும் இந்த வாதத்திலேயே போனது. கடைசியில் அண்ணன் இறங்கி வந்து, குழியர் வெந்நீர் அண்டாவை அடுத்தடுத்து வைத்து அதன் சூட்டிலேயே கோலம் போடுவார்கள் என்று விட்டுக்கொடுத்தார். அக்கா சமாதானமானார்.

சிக்கல் சுரங்கத்து வாசலில் வந்தது. நாங்கள் வெளியே வந்துவிட்டோம். மேலே பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. பின்னாலேயே குழியர் காவலாளிகள் ஈட்டியோடு வருகிறார்கள். அக்கா அவர்கள் இனம், கூட்டத்தில் கலந்து நின்றுகொள்ளலாம். என்னைக் கண்டால் குத்திவிடுவார்கள். ஒளிய மரம் இல்லை, பள்ளம் இல்லை.

"சொல்லுபா. நீ இன்னா பண்ற?" என்றார் அண்ணன்.

எனக்குக் கோயில் மண்டபத்துக் கல் ஞாபகம் வந்தது. வெயில் காலத்தில் பொழுது போன பிறகும் அது முதுகைச் சுடும். பிறகு ஒரு நேரத்தில் கல் எது, முதுகு எது என்று தெரியாமல் போகும். அப்போதுதான் தூக்கம் வரும்.

"பகல் பூரா வெயில்ல காஞ்ச பாற மேல ஒட்டிப் படுத்துக்கறேன்ணா. கல்லு சூடும் என் சூடும் ஒண்ணா இருக்கும். அவங்களுக்குத் தெரியாது."

அண்ணன் எழுந்து அடுப்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதே கையை என் கழுத்தில் வைத்தார்.

"கல்லு உன்ன விட சூடா இருந்தா நீ மங்கலா தெரிவே. ஆறிப் போச்சுன்னா பளிச்சுனு தெரிவே. நடுவுல கொஞ்ச நேரம் நீ இல்லவே இல்ல. இது எந்த நேரம்?"

"அந்த நடு நேரம்."

"உருட்டு."

உருட்டினேன். தாயம் விழுந்தது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கிடைத்தது. நான் மூச்சு விடுவதற்குள் அண்ணன் அக்காவின் பக்கம் திரும்பினார். ஒரு இனத்தின் கண்ணால் என்ன தெரிகிறது என்பதை அந்த இனமாக ஆடுகிறவர்தான் சொல்லவேண்டும். அது அவர் வைத்திருந்த வழக்கம்.

"கண்ணு உன்னுதுமா. இன்னா தெரியுது?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பாறைதான் தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் பிழைத்தேன். அவரோ ஆட்டத்தில் பொய் சொல்லவே மாட்டார்.

"ஒரு பாற தெரியுது," என்றார். "பாற ஒரு மாதிரியாதான் இருக்குது. ஆனா ஒரு எடத்துல புசுபுசுன்னு சூடு வந்து வந்து போவுது. மூக்கு. பாற மூச்சு வுடுது."

"யக்கா!" என்று கத்திவிட்டேன்.

"தெரியுதே தம்பி, நான் இன்னா பண்ணுவேன்?"

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாளையிலிருந்து தறிக்காரரோடு வாசலில் நிற்கவேண்டியதுதான். அண்ணன் தாயக்கட்டையைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"மூச்சு வுடற பாறய பாத்தா நம்ம ஊர்ல இன்னா பண்ணுவாங்க?"

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "குத்துவாங்களா? வுழுந்து கும்புடுவாங்க!"

"ஈட்டிய கீழ போட்டுட்டாங்க," என்றார் அண்ணன். "சுயம்புன்றாங்க. நாளைக்கு அபிஷேகம். ஒனக்குத்தான்பா."

அவர் நினைத்திருந்தால் என்னைச் சுலபமாகக் கொன்றிருக்கலாம், சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. அக்கா கண்ட உண்மையையும் விடாமல், என்னையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டேன், அப்படி ஒரு நியாயத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் மாலை குழியர் குடம் குடமாகப் பச்சைத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். கல் குளிர்ந்துவிட்டால் நான் பளிச்சென்று தெரிந்துவிடுவேன் என்று அக்காவே எனக்காக வாதாடி, வெந்நீர் அபிஷேகமாக மாற்றினார். பட்டறைக்காரி ஆயிற்றே, கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றுவேன் என்றார். கைபொறுக்கும் சூடு போதும் என்று அண்ணன் தீர்ப்பு சொன்னார். அந்த மழைக்காலம் முழுவதும் நான் தெய்வமாகப் படுத்திருந்து, தும்மாமல் உயிர் பிழைத்தேன்.