ஊக்கு டப்பா

இதய ஆபரேஷன்களை மறுபடி தொடங்குகிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. கொரோனாவால் தேதி தள்ளிப்போக, வங்காளத்துச் சால்ட் லேக் வீட்டில் அந்த நாற்காலியே அவருக்குக் கட்டிலாகிவிட்டது. இனியும் தாமதித்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நிபந்தனைகள் இருந்தன. அட்மிஷனுக்கு முந்தைய வாரம் முழுக்க நாங்கள் இருவரும் வாசல் தாண்டக் கூடாது. தினமும் காலையில் ஒரு பெண் போன் செய்வாள். என்னைக் காகிமா என்பாள். வங்காள மொழியில் அது சித்தி. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, ஷாஷ்கொஷ்டோ உண்டா என்று கேட்பாள். அது மூச்சுத்திணறல்.

"அது இல்லாமலா நெஞ்சப் பொளக்க வாறோம்?" என்பார் இவர். நான் மொழிபெயர்த்துச் சொன்னால் அவளும் சிரிப்பாள். கடைசிக் கேள்வி, வாசனை தெரிகிறதா என்பது.

அதற்கு நான் பெருங்காயத்தை நம்பினேன். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டுவேன். பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெருமை பேசினால் காலிப் பெருங்காய டப்பா என்று கேலி செய்வேன். "டப்பாவே டப்பாவ மோந்து பாக்குது" என்று அவரே சொல்லிக்கொள்வார். பிறகு, "மணக்குது."

அட்மிஷனுக்கு முதல் நாள் போன் மணி அடித்த அவசரத்தில் டப்பா மாறிவிட்டது. அவர் ஆழமாக இழுத்து, "ஜம்முன்னு மணக்குது" என்றார். மூடப் போனபோதுதான் உள்ளே பார்த்தேன். என் சேலை ஊக்குகள் கிடந்தன.

"எப்பத்துலேருந்து மணக்கல?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "முந்தாநாள்லேருந்து. சொல்லிராத. இத விட்டா எனக்கு இன்னொரு தேதி கெடையாது."

கட் ஆன போன் மறுபடி அடித்தது. தொற்றோடு நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் மீளாமல் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சொன்னாலும் எமன், சொல்லாவிட்டாலும் எமன். ஆஸ்பத்திரி வார்டில் நெஞ்சைத் தைத்துக் கிடப்பவர்களையும் நினைத்துப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

அன்று மதியமே ஒருவர் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார். தொற்று உறுதியாயிற்று, தேதி போயிற்று.

"கொன்னுட்டல்ல" என்று சொல்லிவிட்டு அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவில் காதை ஒட்டி நிற்பேன். விசில் மாதிரி மூச்சு கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். நிற்கிற நேரத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். கூடவே கோபமும் வரும். "செத்துகித்துத் தொலைச்சீங்கன்னா பாருங்க" என்று கதவைத் திட்டியிருக்கிறேன்.

சாகவில்லை. நுரையீரல் தேறியபின் மறுபடி வாரம் முழுக்க அடைந்து கிடந்து, மறுபடி குச்சி விட்டு, ஒரு காலையில் அவரை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே என்னை விடவில்லை. உலோக வால்வோடு திரும்பி வந்தார். வீடு அமைதியாக இருக்கும்போது அவர் நெஞ்சில் டிக் டிக் என்று கேட்கும்.

மூக்கு மட்டும் திரும்பவே இல்லை. இத்தனை வருஷத்தில் காலையில் டப்பாவை நீட்டுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. "மணக்கல" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுப்பார். பொய் சொல்வதை அவர் விட்டுவிட்டார் என்று இருந்தேன்.

போன வாரத்திலிருந்து மத்தியானத் தூக்கத்தைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். கேட்டால், அங்கேதான் காற்று வருகிறதாம். வரும் வாரம் செக்கப். நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு என்கிறார்.

நேற்று டப்பாவை நீட்டியதும், "மணக்குது" என்றார். உள்ளே பெருங்காயம்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

இன்று வேண்டுமென்றே ஊக்கு டப்பாவைத் திறந்து நீட்டினேன். கண்ணை மூடி இழுத்தார். இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது.

"நல்லா மணக்குது" என்றார்.