பொட்டு வைத்த பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு டிவி கேபிள் இழுத்தவர் பசறை ஊர்க்காரர். லைன் பிரிகிற பெட்டியை எங்கள் வீட்டுச் சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அடித்தார். அவருக்கு லைசன்ஸ் இல்லை என்பது அதிகாரிகள் வந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்கு சீல் வைத்தார்கள். வழக்கு முடியும்வரை தொடக்கூடாதாம்.

“பெட்டி எங்களுது இல்லைங்க,” என்றேன்.

மேலதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். கூட வந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் தமிழில் சொன்னார்: “உங்கட இல்லையெண்டால் ஏன் பொட்டு வச்சனீங்கள் எண்டு கேக்கிறார்.”

“சரஸ்வதி பூசைக்கு வெச்சதுங்க. கொழுந்துக் கூடைக்கும் வெச்சேன், செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கும் வெச்சேன்.”

“எனக்கு விளங்குது அம்மா. இவருக்கு எப்படி விளங்கப்படுத்துறது?”

வழக்கில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். பதுளைக் கோர்ட்டுக்குப் போய் வருகிறேன். ஒவ்வொரு முறையும் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்த வருடமும் பூசை வந்தது. சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பெட்டிக்கு முன்னால் விரல் நின்றுவிட்டது. வைத்தால் என்னுடையது என்பார்கள். வைக்காமல் விட மனம் வரவில்லை. அம்மா தாயே என்று பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தேன்.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது. லயத்துச் சுவரும் எங்களுடையது இல்லை, தோட்டத்துடையது.